மூளைக்கு ஒரு பார்சல்!

ராஜபாளையத்தில் ஊரை ஒட்டினாற்போல ஒரு மலை. சஞ்சீவி மலை என்று பெயர். மூர்ச்சையாகிக் கிடந்த லட்சுமணனுக்காக அனுமார் மலையைப் பெயர்த்துக்கொண்டு பறந்தபோது ஒரு துண்டு இங்கே விழுந்துவிட்டது என்பது ஊர் நம்பிக்கை. தமிழ்நாட்டில் வேறு சில ஊர்க்காரர்களும் அந்தத் துண்டு எங்கள் ஊரில்தான் விழுந்தது என்கிறார்கள். அனுமார் ரொம்ப அவசரத்தில் போயிருக்கிறார், பாவம்.

முப்பத்து நாலு வருஷம் பாங்கில் குப்பை கொட்டியவன் நான். எதைப் பார்த்தாலும் ஃபாரம், சீல், கையெழுத்து என்றுதான் புத்தி போகும். இன்றைய சட்டப்படி அனுமார் பாடு திண்டாட்டம் ஸார்! பேட்ச் நம்பர் இல்லாத மூலிகை. எக்ஸ்பைரி தேதி கிடையாது. கடல் தாண்டி ஏற்றுமதி, அதற்கான கோடு நம்பர் கிடையாது. ஆனால் ஒன்று, அவர் யாரிடமும் அட்வான்ஸ் வாங்கவில்லை.

நான் சொல்லப்போகிற பையன் வாங்கியிருந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் நெடுநாள் சிநேகிதர் பால்கோவாக் கடை வைத்திருக்கிறார். நாற்பது வருஷக் கடை. விறகடுப்பு, இரும்பு வாணலி, பாலும் சர்க்கரையும், விடாமல் கிண்டுகிற ரெண்டு ஆட்கள். இவ்வளவுதான் மூலதனம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஏதோ தனக்கே பத்மஸ்ரீ கொடுத்த மாதிரி எனக்குக் கால் கிலோ அனுப்பி வைத்தவர். அவருடைய ஒரே பையன் பி.காம். முடித்துவிட்டுக் கடையைக் கொஞ்சம் நவீனப்படுத்தினான். வெளியூருக்குக் கூரியரில் பால்கோவா, கார்டில் பணம், க்யூ.ஆர். அட்டை எல்லாம் அவன் வந்தபிறகுதான். சிநேகிதருக்கு இதில் ஏகப் பெருமை. "எம் பையன் ஆண்டாள் கோபுரத்தடியில உக்காந்துக்கிட்டு டெல்லிக்காரன்கிட்ட காசு வாங்குறான்யா!" என்பார்.

அந்தப் பையன் ஆனி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் பஸ் ஏறி ராஜபாளையம் வந்தான். கையில் அரை கிலோ பொட்டலம். அரை கிலோ என்றால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"மாமா, செமாக்ஸ் தெரியுமா?"

"செம மாஸா? புதுப் படமா?" என்றாள் அடுப்படியிலிருந்து என் மனைவி.

"இல்லத்தை, மூளைக்கு மருந்து. பெப்டைடு."

செல்போனைத் திறந்து காட்டினான். கட்டைவிரல் சைஸ் கண்ணாடிக் குப்பி. உள்ளே அடியில் வெள்ளையாக ஒரு சிட்டிகை. கிராம் கணக்கில் வெளிநாட்டில் வாங்கிச் சின்னச் சின்னக் குப்பியாகப் பிரித்து விற்றால் ஒன்றுக்கு எட்டு மடங்கு என்றான். வாங்குகிறவர்கள் பெங்களூர், ஹைதராபாத் கம்ப்யூட்டர் இளைஞர்கள், நீட் எழுதப்போகிற பிள்ளைகளின் அப்பாக்கள், ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு மூன்றாம் முறை உட்காருகிறவர்கள். நம் நாட்டில் பரீட்சைக்கும் பயத்துக்கும் பஞ்சமே இல்லையே! மார்க்கெட்டைச் சரியாகத்தான் கணித்திருந்தான் பயல்.

பெப்டைடு என்றால் ஏதோ மாயப் பொருள் இல்லை. அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் அதுதான். சங்கிலி ரொம்ப நீளமானால் புரதம் என்போம். சர்க்கரைக்காரர்கள் தினம் குத்திக்கொள்ளும் இன்சுலின்கூட 51 அமினோ அமிலங்கள் கோத்த சரம்தான். இந்தச் செமாக்ஸ் ஏழே மணி. ரஷ்யர்கள் உருவாக்கியது, அங்கே பக்கவாதம் வந்தவர்களுக்கு மூக்கில் சொட்டு மருந்தாகக் கொடுக்கிறார்கள். செலாங்க் என்று ஒரு தம்பியும் உண்டு, அதற்கும் ஏழு மணிதான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இரண்டுக்கும் அனுமதி தரவில்லை. மூளையைச் சுறுசுறுப்பாக்கும் என்று சொல்லப்படும் சரக்கு அத்தனைக்கும் பொதுப்பெயர் 'நூட்ரோபிக்'. 1972-ல் கொர்னேலியு ஜுர்ஜியா என்ற ருமேனிய விஞ்ஞானி வைத்த பெயர். கிரேக்க மொழியில் 'நூஸ்' என்றால் மனசு. நம்மூரில் 'நூஸ்' என்றால் வேறு மாதிரி ஆளைச் சொல்வோம், அது போகட்டும்.

"லைசென்ஸ்?" என்றேன்.

பையன் சிரித்தான். அதே கேள்விக்காகக் காத்திருந்த சிரிப்பு. "அதெல்லாம் வேண்டாம் மாமா. லேபிள்ல 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உபயோகத்துக்கு அல்ல'ன்னு போட்டுட்டா போதும். உலகம் பூரா அப்படித்தான் விக்கிறாங்க."

"சரி, வாங்கினவன் எப்படி உபயோகிக்கணும்னு கேட்டா?"

"வாட்ஸப்ல அனுப்பிச்சிருவேன். பாருங்க." படித்தேன். காலையில் வெறும் வயிற்றில் மூக்கில் ரெண்டு சொட்டு.

"ஏம்ப்பா, இது யாரு மூக்கு? எலி மூக்கா?"

பையன் பதில் சொல்லவில்லை. சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது, கொஞ்சம் கௌரவமான பாஷையில். 1940-ம் வருஷத்து மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தில் 'மருந்து' என்பதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். எந்த நோக்கத்துக்காக அந்தப் பொருள் என்பதுதான் அங்கே முக்கியம். உடம்பின் அமைப்பையோ இயக்கத்தையோ பாதிப்பதற்கென்று குறிக்கப்பட்ட பொருளையும் அதற்குள் இழுக்க வழி இருக்கிறது. லேபிளில் எலி என்று எழுதிவிட்டு வாட்ஸப்பில் மனுஷ மூக்குக்கு அளவு சொன்னால், அந்த வாட்ஸப்பே அரசுத் தரப்பு முதல் சாட்சி.

"ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி போயிருக்கியா?"

"பேண்டேஜ் துணி நெய்வாங்களே."

"அதேதான். காயத்துக்குச் சுத்துற அந்தத் துணி மருந்தா இல்லையான்னு ஒரு கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1960-கள் தொடக்கத்துல. பம்பாய் ஆசாமி ஒருத்தர் 'பஞ்சும் துணியும் எப்படிங்க மருந்தாகும்'னு வாதாடினார். பஞ்சு, காஸ், பேண்டேஜ் எல்லாமே சட்டப்படி மருந்துதான்னு கோர்ட் சொல்லிருச்சு. வெறும் துணிக்கே அந்தக் கதி. நீ மூக்கு வழியா மூளைக்கே பார்சல் அனுப்புறே!"

என் மனைவி காப்பியோடு வந்தாள். இந்த மாதிரி நேரத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன் என்று அவளுக்குத் தெரியும். பையனுக்குப் பாவம், தெரியாது.

மருந்தை விற்க லைசென்ஸ் வேண்டும். சில்லறைக் கடைக்குப் படிவம் 20, 21. மொத்த வியாபாரத்துக்கு 20பி, 21பி. சில்லறைக்குக் குறைந்தது பத்து சதுர மீட்டர் இடமும், பதிவு செய்த பார்மசிஸ்ட் ஒருவரும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து விற்பனைக்குக் கொண்டுவர மத்திய அமைப்பிடம் படிவம் 41 பதிவுச் சான்றிதழ், படிவம் 10 இறக்குமதி லைசென்ஸ். இந்தியாவுக்குப் புதுசான மருந்து என்றால் 2019-ம் வருஷத்துப் புதிய மருந்துகள் விதிகளின்படி தனி அனுமதி, அதற்கு ஆய்வு விவரங்கள், இத்யாதி. லைசென்ஸ் இல்லாமல் விற்றால் 18(சி) பிரிவை மீறியதாகும். 27-ம் பிரிவில் அதற்குத் தண்டனை குறைந்தது மூணு வருஷம், அதிகபட்சம் அஞ்சு. அபராதம் ஒரு லட்சம், அல்லது பறிமுதல் ஆன சரக்கின் மதிப்பைப் போல மூணு மடங்கு, இதில் எது அதிகமோ அது.

இன்னொரு சமாசாரம். இந்த வழக்குகளை செஷன்ஸ் கோர்ட்டுக்குக் குறைந்த கோர்ட் விசாரிக்க முடியாது. மாவட்டத் தலைநகர் விருதுநகராக இருந்தாலும் மாவட்டக் கோர்ட் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். "அந்த வகையில உனக்கு பஸ் சார்ஜ் மிச்சம்" என்றேன். பையன் காப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்போ வல்லாரை லேகியம் பெட்டிக்கடையில கூட தொங்குதே மாமா?"

நியாயமான கேள்வி. சித்த, ஆயுர்வேத மருந்தைத் தயாரிக்கத்தான் லைசென்ஸ் வேண்டும். கடையில் வைத்து விற்கத் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை. அதனால்தான் சதுரகிரிக்கு அமாவாசை தரிசனம் போய் வருகிறவர்கள் வழியில் லேகியம் வாங்கி வர முடிகிறது. ஆனால் அலோபதிச் சரக்கில் ஒரு வேடிக்கையான விதி இருக்கிறது. மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை என்று ஒன்று. இன்னின்ன நோய்களைத் தீர்ப்பேன் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 51 இனங்கள் போட்டிருக்கிறார்கள். எய்ட்ஸ், வழுக்கை, பிள்ளைகளை உயரமாக்குவது... இந்த வரிசையில், மூளைத்திறனை அதிகரிப்பது, ஞாபகசக்தியை மேம்படுத்துவது என்றும் ஓர் இனம்! அதாவது லைசென்ஸ் எடுத்த கம்பெனியேகூட லேபிளில் 'ஞாபகசக்தி கூடும்' என்று போட முடியாது. லைசென்ஸே இல்லாத என் சிநேகிதர் மகன் நோட்டீஸில் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தான், பக்கத்தில் ஆச்சரியக்குறி மூணு.

ஞாபகசக்தி வியாபாரம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1996 ஞாபகம் இருக்கிறவர்களுக்கு 'மெமரி பிளஸ்' ஞாபகம் இருக்கும். (இல்லாதவர்கள் அன்று அதைச் சாப்பிட்டிருக்கலாம்.) லக்னோவில் மத்திய அரசின் மருந்து ஆராய்ச்சி நிலையம் பிரம்மிச் செடியை வருஷக்கணக்கில் ஆராய்ந்து கண்டுபிடித்த சரக்கு. சந்தைக்குக் கொண்டுவந்தது ஷாம்பூ பாக்கெட் புகழ் வெல்வெட், சென்னைக் கம்பெனி. விளம்பரத்தில் நம் விஸ்வநாதன் ஆனந்த். செஸ் சாம்பியனே சொல்லும்போது பிளஸ் டூ பையனைப் பெற்ற அப்பா என்ன செய்வார்? எங்கள் பாங்கிலேயே ரெண்டு மூணு பேர் மேஜை டிராயரில் அந்தப் பெட்டி இருந்தது. கேஷியர் ஒருத்தர் தினம் சாப்பிட மறந்துபோவார்.

இதில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. அந்தப் பிரம்மி நம்மூர் நீர்ப்பிரமி. வல்லாரை வேறு செடி. சில ஊர்களில் அதையும் பிரம்மி என்பார்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த மாத்திரைக்குப் பின்னால் ஒரு அரசாங்க ஆராய்ச்சி நிலையம் இருந்தது, பெட்டியில் கம்பெனி விலாசம் இருந்தது, ஏதாவது ஆனால் சட்டையைப் பிடிக்க ஆள் இருந்தது. பையன் காட்டிய குப்பிக்கு இதில் எதுவுமே இல்லை. உள்ளே இருப்பது ஏழு மணியா எட்டு மணியா என்று எண்ணிப் பார்த்தவர் யார்?

"டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்பிருக்கான் மாமா, பி.டி.எஃப்." என்றான்.

2025 அக்டோபரில் நடந்ததை அவனுக்கு நினைவூட்டினேன். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகிச் செத்தார்கள். இருபதுக்கும் மேலே. சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக அரசுப் பரிசோதனையில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கிற அளவு 0.1 சதவீதம். முதலாளி கைதானார், லைசென்ஸை ரத்து செய்தார்கள். அது லைசென்ஸ் வாங்கி, பேட்ச் நம்பர் போட்டு, கடையில் பில் கொடுத்து விற்ற மருந்து. அதிலேயே இப்படி. முகம் தெரியாதவன் அனுப்பிய பி.டி.எஃப்.பை நம்பி இன்னொருத்தர் பிள்ளை மூக்கில் சொட்டு விடலாமா என்று கேட்டேன். இந்த இடத்தில் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதாக மனைவி பிற்பாடு சொன்னாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நெட்ல மருந்துக் கடையே நடத்துறாங்களே மாமா?" என்றான்.

நடத்துகிறார்கள். அதற்கும் நம் சென்னை ஹைகோர்ட்டில் பெரிய சண்டை நடந்தது. தமிழ்நாடு மருந்து வணிகர் சங்கம் வழக்குப் போட்டு, 2018 டிசம்பரில் விதிகள் வரும்வரை ஆன்லைன் மருந்து விற்பனை கூடாது என்று தனி நீதிபதி உத்தரவிட்டார். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. அந்தச் சண்டை லைசென்ஸ் உள்ள கடை, அனுமதி உள்ள மருந்தை, நெட்டில் விற்கலாமா என்பது பற்றி. இவனிடம் முதல் இரண்டும் இல்லை, நெட் மட்டும்தான் இருந்தது.

'உலகம் பூரா விக்கிறாங்க' என்றானே, அதற்கும் பதில் வைத்திருந்தேன். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஒரு மருந்துக் கலவைக் கம்பெனி. டெய்லர் மேட் காம்பௌண்டிங் என்று பெயர். அனுமதி இல்லாத மருந்துகளை விற்றோம் என்று 2020-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அந்தப் பட்டியலில் செமாக்ஸும் இருந்தது, செலாங்க் தம்பியும் இருந்தார். அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்த பணம் சுமார் பதினேழு லட்சத்துத் தொண்ணூறாயிரம் டாலர். இத்தனைக்கும் அது கடை போட்டு நடத்திய கம்பெனி, பி.காம். பையன் அல்ல.

இதுவரை சட்டம். எனக்கு உள்ளூர வேறொரு பயம் இருந்தது. "காசு எந்த அக்கவுண்ட்ல வாங்குறே?" என்றேன்.

"கடை அக்கவுண்ட்லதான். ஏற்கனவே கேட்வே இருக்கே. பில்லுல 'பால்கோவா ஸ்பெஷல்'னு விழும்."

ஸார், பாங்க்கில் இருந்தவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி இருந்தது. இதற்கு எங்கள் வட்டாரத்தில் பெயரே உண்டு. ஒரு சரக்கைச் சொல்லிக் கணக்குத் திறந்துவிட்டு, அதே கணக்கு வழியாக இன்னொரு சரக்குக்குக் காசு வாங்குவது. கார்டு கம்பெனிகள் இதைக் கள்ளப் பணத்தை வெளுப்பதற்குச் சமானமாக வைத்திருக்கின்றன. மாஸ்டர்கார்டு 'மேட்ச்' என்று ஒரு கறுப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒரு கடை ஏறினால் அஞ்சு வருஷம் இறங்காது. புதுசாகக் கார்டு வசதி கேட்டு எந்த பாங்க் வாசலில் போய் நின்றாலும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் புரட்டுவார்கள். இங்கே ரிசர்வ் வங்கியும் 2020 மார்ச்சில் பணம் வசூலித்துத் தரும் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது: கடைக்காரரின் பூர்வீகத்தை விசாரி, போலிச் சரக்கோ தடை செய்த சரக்கோ விற்கிறாரா பார் என்று. சந்தேகம் வந்தால் அவர்கள் கடைக்காரரின் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கார்டுக்காரர் 'எனக்குச் சரக்கு வரலை' என்று பெரும்பாலும் 120 நாள் வரைக்கும் புகார் கொடுக்கலாமே, அது முடிய வேண்டாமா?

"அப்போ கிரிப்டோல வாங்கிக்கலாமா மாமா?"

எது சொன்னாலும் இன்னொரு கதவு வைத்திருக்கிறார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள்! 2022-லிருந்து அதில் லாபத்துக்கு முப்பது சதவீத வரி, கைமாறும்போது ஒரு சதவீதம் டி.டி.எஸ். 2023 மார்ச்சிலிருந்து அந்தச் சந்தைகளும் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. சட்டவிரோதச் சரக்கு அதனால் சட்டபூர்வமாகிவிடாது.

"எத்தனை பேர்கிட்ட வாங்கிருக்கே?"

"பதினெட்டு பேரு. ஒரு லட்சத்து முப்பதாயிரம்."

"சரக்கு?"

"இன்னும் வரலை மாமா. அறுபத்திரண்டாயிரம் கட்டியிருக்கேன்."

"இன்னிக்கு ராத்திரியே பதினெட்டு பேருக்கும் திருப்பி அனுப்பு. எங்கிருந்து வந்ததோ அந்த வழியிலேயே அனுப்பு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். பன்னிரண்டு பேருக்கு அனுப்பியும் விட்டான். மிச்சம் ஆறு பேருக்கு, சம்பள நாள் மாதிரி, ஒண்ணாந்தேதி அனுப்பலாம் என்று வைத்துவிட்டான்.

அந்த ஆறில் ஒருத்தர் பக்கத்து மாநிலத்துக்காரர். பதினாலாயிரம் கட்டி ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தவர், 1930-க்கு போன் போட்டுவிட்டார். சைபர் மோசடிப் புகாருக்கான எண். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பணம் கட்டினார், சரக்கு வரவில்லை, போனும் எடுபடவில்லை.

ஆடிப்பூரத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சிநேகிதரிடமிருந்து போன். "யோவ், பால்காரருக்கு செக் குடுத்தேன், திரும்பி வந்திருச்சு. பாங்க்ல கேட்டா அக்கவுண்ட்டை முடக்கி வச்சிருக்காம். வெளி மாநிலப் போலீஸ் உத்தரவாம். நான் என்னய்யா பண்ணினேன்?"

அவருக்கு ஒன்றுமே தெரியாது. பையன் சொல்லவில்லை. புகார் பதினாலாயிரத்துக்கு, முடங்கியது கணக்கு முழுக்க. அதில் ஏழு லட்சத்துச் சொச்சம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் என்றால் என்ன கூட்டம் வரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பால்கோவாக் கடைக்காரர்களுக்கு அதுதான் தீபாவளி. வழக்கமாக அந்த வாரம் பாலை இரட்டிப்பாக வாங்கி ராத்திரி பகலாகக் கிண்டுவார்கள். பால் ஊற்றுகிறவர்களோ வாரச் சம்பளம் மாதிரி சனிக்கிழமை தவறாமல் காசு எதிர்பார்க்கிற மாட்டுக்காரர்கள். அவர்களிடம் போய் சைபர் கிரைம் என்று சொன்னால் என்ன புரியும்?

பஸ்ஸைப் பிடித்துப் போனேன். கடையில் ஒரு அடுப்புதான் எரிந்தது. சிநேகிதர் கல்லாவில் இல்லை, பின்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பையன் வாணலி பக்கத்தில் துடுப்போடு நின்றான். அப்பாவும் பிள்ளையும் நாலு நாளாகப் பேச்சில்லை என்று அவன் அம்மா என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வெறும் கையைத் தடவிக்கொண்டாள். நாலு வளையல் கடை வீதி அடகுக்கடைக்குப் போயிருந்தது. மாட்டுக்காரர்களுக்கு அதில்தான் காசு போனது.

"நாப்பது வருஷத்துல ஒரு செக் திரும்பினதில்லை" என்றார் சிநேகிதர். இதையே என்னிடம் மூணு தடவை சொன்னார்.

அவருடைய பாங்க்கில் போய்ப் பேசினேன். மேனேஜர் சின்ன வயசு, மரியாதையாகவே பேசினார். போலீஸ் எழுதினால் நாங்கள் நிறுத்தித்தான் ஆகவேண்டும், விடுவிப்பதற்கும் அவர்களே எழுத வேண்டும் என்றார். அது நிஜம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 102-ம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 106. திருட்டுச் சைக்கிளைப் பிடித்து வைக்கிற அதே அதிகாரத்தில்தான் பாங்க் கணக்கையும் பிடித்து வைக்கிறார்கள். பதினாலாயிரத்தை மட்டும் நிறுத்திவிட்டு மிச்சத்தை விடலாமே என்று எழுதிக் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வக்கீல் ஒருத்தரைப் பிடித்தோம். மிச்சம் ஆறு பேருக்கும் என் கணக்கிலிருந்து கடன் கொடுத்துப் பணம் திருப்பி, ஒவ்வொருத்தரிடமும் எழுத்துமூலம் வாங்கி, புகார்க்காரரிடம் பையனையே போனில் மன்னிப்புக் கேட்க வைத்தேன். அவர் நல்ல மனுஷர். "தம்பி, நான் பரீட்சைக்குப் படிக்கிறேன். அந்தப் பதினாலாயிரம் எங்கம்மா குடுத்தது" என்றாராம். பையன் போனை வைத்துவிட்டு வெகுநேரம் கொல்லைப்பக்கம் போய் நின்றான். இவன் அம்மாவின் வளையலும் அந்த அம்மாவின் பதினாலாயிரமும் அவனுக்கு அப்போதுதான் ஒரே தராசில் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு வக்கீலும் பையனும் ரயிலேறி அந்த மாநிலத்துக்குப் போய், ரெண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்து, கடிதம் வாங்கி வந்தார்கள். கணக்கு திறந்தது இருபத்து மூணாம் நாள். தேர் ஓடி நிலைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

கார்டு வசதி திரும்பி வரவில்லை. பணம் வசூலித்துக் கொடுத்த கம்பெனி ஒரே ஒரு வரியில் உறவை முறித்துக்கொண்டது: 'உங்கள் வணிகம் எங்கள் விதிகளுக்குப் பொருந்தவில்லை.' வணிகம் என்றால் எது? பால்கோவாவா? கேட்க ஆள் இல்லை, எண்ணை அழுத்தினால் பாட்டுப் போடுகிறார்கள். டெல்லிக்காரர்கள் இப்போது மணியார்டர் காலத்துக்குத் திரும்பிய மாதிரி முன்கூட்டியே பாங்க்கில் கட்டிவிட்டு போன் பண்ணுகிறார்கள். பாதிப் பேர்தான் பண்ணுகிறார்கள்.

சரக்கு? அது கஸ்டம்ஸில் நின்றுவிட்டது. இறக்குமதி லைசென்ஸ் எங்கே என்று நோட்டீஸ் வந்தது. சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாகக் கொண்டுவர விதியில் இடம் உண்டு, அதற்கும் டாக்டர் சீட்டு வேண்டும், அளவு உண்டு. கிராம் கணக்கில் வந்த பொடிக்கு அந்தக் கதையைச் சொல்லாதீர்கள், உரிமை கோரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார் வக்கீல். அப்படியே எழுதினார்கள். அறுபத்திரண்டாயிரம் போனது போனதுதான். மருந்து ஆய்வாளர் ஒருமுறை கடைக்கு வந்து விசாரித்துவிட்டு, சரக்கு எதுவும் இல்லை, விற்பனையும் நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். போகும்போது கால் கிலோ கேட்டார். காசு கொடுத்துத்தான் வாங்கினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆவணி பிறந்து சிநேகிதர் மறுபடி கல்லாவில் உட்கார ஆரம்பித்தார். வளையலில் இரண்டு மீண்டிருக்கிறது. போன வாரம் பையன் வந்தான். இந்தத் தடவை கால் கிலோதான்.

"மாமா, ஒரு ஐடியா."

என் மனைவி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வல்லாரை பால்கோவா. கீரையை அரைச்சு விட்டு, பச்சை கலர்ல. அப்பாவுக்கும் பிடிச்சிருக்கு." என்று சொல்லி லேபிளை நீட்டினான். கோபுரப் படம், ஓரத்தில் இலை, நடுவில் 'ஞாபகசக்தி தரும்' என்று ஒரு வரி. உணவுப் பொருளுக்கும் 2018-லிருந்து விளம்பர விதிகள் இருக்கின்றன, வாயில் வந்ததையெல்லாம் லேபிளில் போட முடியாது. பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை அடித்துக் கொடுத்தேன். வல்லாரை என்ற பெயர் இருக்கட்டும், எடை, தேதி, உணவு லைசென்ஸ் நம்பர் இருக்கட்டும் என்றேன்.

லேபிள் சிவகாசிக்கு அச்சுக்குப் போயிருக்கிறது. ருசி பரவாயில்லை. கொஞ்சம் கசக்கிறது.